சட்டையோடு முத்துக்குளித்தவன்

கயிறு மேலே வந்துவிட்டது. ஆள் வரவில்லை.

கயிற்றின் நுனியில் ஒரு சட்டை மட்டும் கிழிந்து தொங்கியது. அந்தச் சட்டைக்குள் இருக்க வேண்டிய சேந்தன் கடலுக்கு அடியில் இருந்தான். மேலே படகில் கயிறு பிடித்திருந்த அவன் மச்சான் கொற்றன், சட்டையைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், மறுபடி சட்டையைப் பார்த்தான்.

கொஞ்சம் பொறுங்கள். இவர்கள் யார், ஏன் இப்படி ஆனது என்று சொல்லிவிட்டு இதே இடத்துக்குத் திரும்பி வருகிறேன். சேந்தன் மூச்சடக்கத் தெரிந்தவன்தான்.

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால் முத்துக்குளிக்கிற கடற்கரை ஊர் ஒன்று இருந்தது. அந்தக் காலம் என்றால் ராஜாவும் இருந்திருப்பார். இருந்துவிட்டுப் போகட்டும், இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். கடலில் குதிக்கிறவனுக்குக் கயிறு பிடிப்பது அவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டும். கூடப்பிறந்தவன் என்றால் பொறாமை வரலாம், சண்டை வரலாம். கூட்டாளி என்றால் கோபம் வரலாம். பெண்டாட்டியின் அண்ணன் என்ன ஆனாலும் கயிற்றை விடமாட்டான். விட்டால் தாலியறுப்பது அவன் தங்கச்சி.

இன்னொரு வழக்கமும் உண்டு. குதிப்பதற்கு முன் மச்சான் முதுகில் எண்ணெய் தேய்ப்பான். தேய்த்துவிட்டு வெறும் இடுப்பில் கயிறு கட்டுவான். துணிமேல் கட்டக் கூடாது. நனைந்த துணி வழுக்கும், முடிச்சு நழுவும். ஊரில் எல்லாருக்கும் இது தெரியும். சேந்தனுக்கும் தெரியும்.

சேந்தனுக்கு மகள் பிறந்த அடுத்த மழைக்காலத்தில் முழங்கையில் ஒரு படை வந்தது. சிவந்து, தடித்து, மேலே வெள்ளை வெள்ளையாய்ச் செதில். அப்புறம் முழங்காலில் வந்தது. அப்புறம் முதுகு முழுக்க வந்தது. யாருக்கும் சொல்லாமல் பக்கத்து ஊர் வைத்தியரிடம் போனான். அவர் தொட்டுப் பார்த்தார். இது யாருக்கும் ஒட்டாது என்றார். எண்ணெய் போடு, வெயில் படவிடு என்றார். ஆனால் முழுசாய்ப் போகாது, குறையும், மறுபடி வரும் என்றும் சொன்னார்.

ஒட்டாது என்று சொன்னது சேந்தன் காதில் ஏறவே இல்லை. போகாது என்றது மட்டும் ஏறியது.

அதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு கல்யாணப் பந்தியில் அவன் கையை நீட்டிச் சோறு பிசைந்தபோது, பக்கத்தில் இருந்தவர் தன் இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். இலையை நகர்த்தினால் என்ன பதில் சொல்வது? சேந்தன் பாதிச் சோற்றில் எழுந்து வந்துவிட்டான்.

அன்றிலிருந்து நீளக் கைச் சட்டைதான். யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்தான். உட்கார்ந்து எழுந்த இடத்தில் செதில் கிடக்கிறதா என்று குனிந்து பார்த்தான். படகுகளுக்குக் காவல் என்று சொல்லிக் கடற்கரையிலேயே படுத்துக்கொண்டான். மகள் தாவி வந்தால் கையை முழுசாய் நீட்டி, பானையைத் தூக்குவதுபோல எட்டத்தில் தூக்கினான்.

அவன் பெண்டாட்டி நாச்சிக்கு இதெல்லாம் எதனால் என்று தெரியாது. புருஷனுக்குத் தன்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். அவளால் வேறு என்ன நினைக்க முடியும்?

படகிலும் சட்டையோடு வந்தான். கொற்றன் எண்ணெய்ச் சட்டியோடு நின்று ஏன் மாப்பிள்ளை இது என்று கேட்டான். வேண்டுதல் என்றான் சேந்தன். கொஞ்ச நாள் கழித்து மறுபடி கேட்டான். குளிர்காய்ச்சல் என்றான். மீன்களுக்கு முன்னால் மாப்பிள்ளைக்கு வெட்கம், சட்டையைக் கழற்றமாட்டார் என்று துடுப்புப் போடுகிறவர்கள் கிண்டல் செய்தார்கள். கொற்றனும் சேர்ந்து சிரித்தான். சும்மா சிரித்த சிரிப்புதான். சேந்தன் சட்டைக் கையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

மூன்றாவது தடவை கொற்றன் கொஞ்சம் கறாராகவே கேட்டான். சட்டையைக் கழற்றாமல் கயிறு கட்டமாட்டேன் என்றான்.

"உங்க வேலை கயிறு பிடிக்கிறது மச்சான். அதைப் பாருங்க."

கொற்றன் அன்றும் சட்டைமேலேயே கயிற்றைக் கட்டினான். அது தப்பு, தப்பென்று அவனுக்கும் தெரியும். ஆனால் மாப்பிள்ளை முறுக்கிக்கொண்டால் தங்கச்சிக்குத்தான் கஷ்டம் என்று பயந்தான். தங்கச்சிக்காகக் கயிறு பிடிக்க வந்தவன், அதே தங்கச்சிக்காக முடிச்சைத் தப்பாகப் போட்டான்.

சேந்தன் குதித்தான். அடியில் சட்டை பாறையில் மாட்டிக்கொண்டது. கயிற்றை அசைத்தான். கொற்றன் இழுத்தான். முடிச்சு இடுப்பிலிருந்து வழுக்கித் தலைவழியே கழன்றது, கிழிந்த சட்டையையும் சுருட்டிக்கொண்டு மேலே போய்விட்டது. சேந்தன் கயிறில்லாமல், தானே நீந்தி மேலே வரத் தெம்பும் இல்லாமல் கீழே நின்றான்.

இப்போது அந்த இடத்துக்கு வந்துவிட்டோம்.

கொற்றனும் ஒரு காலத்தில் பெரிய முத்துக்குளிப்பவனாக இருந்தவன்தான். காதுக்குள் ஏதோ உடைந்து, இனி ஆழத்துக்குப் போனால் கேட்கிற சக்தியே போய்விடும் என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் அதை விட்டிருந்தான். அவன் யோசிக்கவில்லை. குதித்துவிட்டான்.

தண்ணீருக்குள் இருந்து இரண்டு பேரும் வெளியே வந்தபோது கொற்றனின் இரண்டு காதிலிருந்தும் ரத்தம் வழிந்தது. துடுப்புக்காரர்கள் சேந்தனைப் படகில் போட்டு முதுகில் தட்டினார்கள். தண்ணீரைக் கக்கினான், மூச்சு வந்தது, கண்ணைத் திறந்தான். நல்ல உச்சி வெயில். உடம்பில் இடுப்புக் கச்சையைத் தவிர ஒட்டுத் துணியில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உயிர் திரும்பியதும் அவன் முதலில் என்ன செய்தான் தெரியுமா? கொற்றனைத் தேடவில்லை. நன்றி சொல்லவில்லை. கிழிந்த பாய்மரத் துணி ஒன்று கிடந்தது, அதை இழுத்து முழங்கையை மூடினான். அதற்குப் பிறகுதான் ரத்தத்தைப் பார்த்தான்.

கொற்றன் அந்தத் துணியை மெதுவாக விலக்கினான். முதுகைப் பார்த்தான்.

"இதுக்கா மாப்பிள்ளை?"

சேந்தன் மன்னிப்புக் கேட்டான். கொற்றனுக்குக் கேட்கவில்லை. கத்திக் கேட்டான். அப்போதும் கேட்கவில்லை. கொற்றன் எண்ணெய்ச் சட்டியை எடுத்து, எத்தனையோ நாளாகத் தேய்க்காத அந்த முதுகில் கையை வைத்துத் தேய்த்தான். சேந்தனுக்கு அதுவரை வெட்கம் என்று இருந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. அந்தக் கை பட்டபோது வந்ததுதான் வெட்கம். படகின் பலகை பிளந்து தன்னை உள்ளே விட்டுவிடாதா என்று இருந்தது.

காது போனவர்கள் பேசுவதுபோல உரக்கப் பேசினான் கொற்றன். "என் தங்கச்சி தன்னை உங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சு அழுதுகிட்டு இருக்கா. கரைக்குப் போனதும் முதல் வேலையா இதை அவகிட்டச் சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன். இவங்களும் வாயைத் திறக்கமாட்டாங்க. உங்க வாயால சொல்லுங்க. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

சேந்தன் தலையை ஆட்டினான். நிஜமாகவே சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஆட்டினான்.

வீட்டு வாசலில் நாச்சி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பாய்த்துணியைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றவனைப் பார்த்து, சட்டை எங்கே என்று கேட்டாள். பாறையில் மாட்டிக் கிழிந்துவிட்டது என்றான். அது பொய் இல்லை. அண்ணன் எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். நன்றாக இருக்கிறார் என்றான்.

அவள் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய் வேறொரு சட்டை எடுத்து வந்தாள். கிட்டே வந்தால் அவனுக்குப் பிடிக்காது என்று, எட்டவே நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினாள். அவன் வாங்கிப் போட்டுக்கொண்டான். அவள் உடனே உள்ளே போகவில்லை. ஏதாவது சொல்வானோ என்று கொஞ்ச நேரம் நின்றாள்.

உடம்பில் வந்த படை யாருக்கும் வெட்கமில்லை, அதை மறைப்பதற்காக நம்மை நேசிக்கிறவர்களை நோகவிடுவதுதான் வெட்கம் என்பது இந்தக் கதையின் நீதி. இது அந்த நேரத்தில் சேந்தனுக்கும் தெரிந்திருந்தது. மச்சான் அவளிடம் சொல்லச் சொன்னது அந்தப் படை ஒன்றைத்தான்.

அவன் சொல்லவில்லை.