அத்திமரத்திலிருந்து வந்த மன்னிப்பு

ஒரு காட்டில் ஒரு பெண்மான் தன் ஒரே குட்டியைச் சிறுத்தைக்குப் பறிகொடுத்தது. சிறுத்தையின் மேல் அதற்குக் கோபமில்லை. பசித்த சிறுத்தை வேறென்ன செய்யும்? கோபமெல்லாம் அத்திமரத்தின் மேல் உட்கார்ந்திருந்த கடுவன் குரங்கின் மேல்தான்.

ஏனென்றால் அந்தக் காட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. சிறுத்தை வருவது குரங்கின் கண்ணில் பட்டால் குரங்கு கத்த வேண்டும். மானின் மூக்குக்கு எட்டினால் மான் கத்த வேண்டும். யார் கத்தினாலும் எல்லாரும் ஓடிப் பிழைத்துக்கொள்வார்கள். அன்று காவலில் இருந்தது கடுவன். சிறுத்தையைப் பார்த்தது. வாய் நிறைய அத்திப்பழம். கத்தவில்லை.

"போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்கள்," என்று மற்றக் குரங்குகள் நச்சரித்தன. "இனி மான்கள் நமக்காகக் கத்தாமல் விட்டால் நம் கதி என்ன?"

கடுவனுக்கோ வீம்பு. "நானாவது, கீழே இறங்கி ஒரு மானிடம் தலை குனிவதாவது!" என்றது. துடுப்புவால் கரிச்சானைக் கூப்பிட்டது. யார் குரலையும் அப்படியே பேசிக் காட்டும் பறவை அது.

"எந்த மாதிரி மன்னிப்பு வேண்டும், தலைவரே?" என்றது கரிச்சான். "'தவறு நடந்துவிட்டது' என்று ஒன்று இருக்கிறது. அதில் தவறு இருக்கும், செய்த ஆள் இருக்க மாட்டார். 'மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்' இன்னும் வசதி. புண்படவில்லை என்றால் வருந்தவே வேண்டாம்!"

"இரண்டையும் சொல்லிவிடு. என் குரலில்."

மறுநாள் காலை, தூரத்தில் இருப்பது தெரியாத மூடுபனி. மான் மரத்தடியில் தனியே நின்றது. மேலிருந்து கடுவனின் குரல் வந்தது.

"தவறு நடந்துவிட்டது. உன் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்."

மான் அண்ணாந்து பார்த்தது. கிளையில் கடுவன் இல்லை. கிளை ஆடவும் இல்லை.

"இறங்கி வந்து சொல்லு," என்றது மான்.

பிறகு அதே இடத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது. பால் மணம் மாறாத குரல்.

"அம்மா... போகட்டும், விடும்மா."

செத்துப்போன குட்டியின் குரல் அது.

மான் அங்கிருந்து விலகிப் போயிற்று. கடுவன் பதிலுக்காக இரண்டு நாள் காத்திருந்து சலித்துப்போனது. "இவள் வாயைத் திறக்க மாட்டாள் போலிருக்கிறது. அவள் பதிலையும் நீயே சொல்லிவிடு!" என்றது கரிச்சானிடம்.

அடுத்த நாள் மான் கூட்டத்தோடு அத்திமரத்தடியில் மேய்ந்துகொண்டிருந்தது. மரத்தின் மேலிருந்து அந்த மானின் குரலே கேட்டது: "மன்னித்துவிட்டேன்... மன்னித்துவிட்டேன்..."

எல்லா மான்களும் திரும்பிப் பார்த்தன.

"நல்ல காரியம் செய்தாய் அக்கா," என்றது ஓர் இளமான்.

"நான் ஒன்றும் சொல்லவில்லையே!"

"நாங்கள் எல்லாரும் கேட்டோமே?"

"வாயில் புல் இருந்ததடி! நான் எப்படிப் பேசுவேன்?"

"சரி, சரி. பெரிய மனசு பண்ணிச் சொல்லிவிட்டாய். இப்போது இல்லை என்காதே."

நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா? கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. கொடுக்க வேண்டியவர் கொடுக்கவில்லை. ஆனால் காடு முழுக்க, விஷயம் முடிந்துவிட்டது என்று பேச்சு!

கரிச்சானுக்கு மானின் குரல் பிடித்துப்போயிற்று. அந்தக் குரல் ஆளில்லாமல் மரத்துக்கு மரம் அலைந்தது. ஒரு நேரம் மன்னித்தது. ஒரு நேரம் "சிறுத்தை! சிறுத்தை!" என்று சும்மா அலறியது. குரங்குகள் அதைக் கேட்டுச் சிரிக்கப் பழகிவிட்டன.

ஒரு நண்பகல். இலை அசையவில்லை. கடுவனின் குட்டி மரத்தடியில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி நின்ற மானின் மூக்கில் சிறுத்தை வாடை ஏறியது.

"சிறுத்தை!" என்று மான் கத்தியது.

மேலே கடுவன் மற்றொரு குரங்கைப் பார்த்துச் சிரித்தது. "கேட்டாயா? கரிச்சான் இன்று எவ்வளவு நன்றாகக் கத்துகிறது!"

சொல்லிவிட்டுத் திரும்பியது. பக்கத்துக் கிளையில் கரிச்சான், அலகை மூடிக்கொண்டு, பேசாமல் உட்கார்ந்திருந்தது.

கடுவனின் ரோமம் சிலிர்த்தது. கத்த வாயைத் திறந்தது. அதற்குள் மான் பாய்ந்து வந்து குரங்குக் குட்டியை மரத்தோடு சேர்த்து முட்டித் தள்ளியது. குட்டி அலறிக்கொண்டு மேலே ஏறியது. சிறுத்தையின் நகம் மானின் தொடையைக் கீறியது. மான் உதறிக்கொண்டு புதருக்குள் பாய்ந்து தப்பியது.

சிறுத்தை போன பிறகு கடுவன் கீழே இறங்கி மானைத் தேடிப் போயிற்று. அதன் முன்னால் தரையில் உட்கார்ந்தது.

"நான் சிறுத்தையைப் பார்த்தேன். பழத்தைத் துப்பியிருந்தால் கத்தியிருக்கலாம். துப்ப மனம் வரவில்லை. உன் குட்டி செத்தது என்னால்தான். என்னை மன்னித்துவிடு."

மான் காயத்தை நக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தது. நிமிரவில்லை.

"என் குட்டியைக் காப்பாற்றினாயே... மன்னித்துவிட்டாய்தானே?"

"குட்டி என்ன செய்தது, பாவம்," என்றது மான். "உன்னை நான் மன்னிக்கவில்லை. என்றைக்காவது மனம் வந்தால் நானே வந்து சொல்கிறேன். வராவிட்டால், வரவில்லை."

நீதி: செய்த தவறுக்குச் செய்தவரே தன் வாயால் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதைத் தருவதும் தராததும் பாதிக்கப்பட்டவரின் உரிமை.