எஸ்றாவின் கடைவாய்ப்பல்

கால்வாய்க்கரையில் ஒரு யூதர் தெரு. அங்கே இருந்த முப்பது வீட்டாரும் மகா புத்திசாலிகள். இதை அவர்களே கூட்டம் போட்டு முடிவு செய்திருந்தார்கள்.

அவர்களுடைய சட்டப்படி, வேதம் சொல்லிக்கொடுக்கவோ நோய் தீர்க்கவோ கூலி வாங்கக்கூடாது. அது கடவுளுக்குச் செய்யும் கடமை. அதற்காகப் போட்டுவிட்டு வந்த சொந்த வேலைக்கு மட்டும் ஈடு வாங்கலாம். நல்ல சட்டம்தான். பாவம், இந்தத் தெருவில் வந்து மாட்டிக்கொண்டது.

எண்ணெய் வியாபாரி எஸ்றாவுக்குக் கடைவாய்ப்பல் வலி. கன்னம் பன் மாதிரி வீங்கி, மூன்று நாளாகக் கஞ்சிகூட இறங்கவில்லை. பல் பிடுங்கத் தெரிந்த ஒரே ஆள் கயிறு திரிக்கும் நெகேமியா. எஸ்றா போன நேரம் அவன் சும்மா உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தீர்ப்புச் சொல்லும் ரபி மொர்தெகாயைக் கூட்டி வந்தார்கள். சும்மா இருந்தவன் எந்த வேலையை விட்டதற்கு ஈடு கேட்பான் என்றார் அவர். ஆகவே நெகேமியா முதலில் வேலையைத் தொடங்கவேண்டும், பிறகு விடவேண்டும். அவனும் திரிக்கத் தொடங்கினான். பாதியில் விட்டால் முறுக்குப் பிரிந்துவிடும். கை காலியாக இருந்தவன் எஸ்றா ஒருவன்தான் என்பதால் கயிற்றை அவனிடம் கொடுத்தார்கள்.

"வேலை நிக்கலையே ரபி," என்றான் நெகேமியா. "எஸ்றாதான் திரிக்கிறானே. எனக்கு என்ன நஷ்டம்னு ஈடு வாங்குறது?"

ரபி தாடியை நீவினார். "வாங்க முடியாதுதான். சும்மாதான் பிடுங்கணும்."

"எனக்கும் நாலு பிள்ளைங்க இருக்கே."

"யாராவது பிடுங்குங்களேன் அண்ணே," என்று எஸ்றா அழுதேவிட்டான். கேட்கவே பரிதாபமாக இருந்தது.

கடைசியில் நெகேமியா இரங்கினான். ஆனால் முறுக்கு நிற்கக்கூடாதே. எஸ்றா வாயைத் திறந்தபடி கயிற்றைத் திரித்துக்கொண்டே, கயிறு நீள நீளப் பின்னோக்கி நடந்தான். நெகேமியா குறட்டை அவன் வாயில் விட்டபடி கூடவே நடந்தான். தெருமுனையில் பல் வந்துவிட்டது.

எஸ்றா நாக்கால் துழாவிப் பார்த்தான். வலிக்கிற பல் அங்கேயேதான் இருந்தது. வந்தது பக்கத்திலிருந்த நல்ல பல்.

நெகேமியா குறட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். ரபியின் முகமோ மலர்ந்துவிட்டது.

"வைத்தியத்துக்குத்தானே கூலி வாங்கக்கூடாது? இது வைத்தியமே இல்லையே. முழுக் கூலியும் வாங்கிக்கோ."

தெருவே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. யாருக்கும் பாவம் சேரவில்லை என்று எஸ்றாவும் சந்தோஷமாகக் கொடுத்தான்.

மறுநாள் காலையில், கன்னம் இன்னும் வீங்கிப்போய், நெகேமியாவின் முன்னால் வந்து வாயைத் திறந்தான்.

"அண்ணே, நேத்து மாதிரியே பக்கத்துப் பல்லாப் பார்த்துப் பிடுங்கிடுங்க. வலிக்கிற பல்லுல கை வச்சா மறுபடியும் ரபியைக் கூப்பிடணும்."