பச்சை குத்திய கை

வெள்ளத்தில் ஒரு கிழவியைத் தூக்கி வந்த தன் புருஷன் சவரிராஜைப் படம் பிடித்தவள் ஸ்டுடியோக்காரி எஸ்தர். மறுவாரம் அதே படம் ஊர் முழுக்க பிளெக்ஸ் பேனராக நின்றது. உடம்பு சவரிராஜுடையது, தலை சேர்மன் தணிகாசலத்துடையது. எஸ்தர் அசல் படத்தைக் கடைவாசலில் மாட்டினாள்.

சேர்மன் அவளைத் தன் பாராட்டுவிழா மேடைக்கே வரவழைத்தார்.

"என் படத்துல உன் புருஷன் தலைய ஒட்டிட்டியா? மைக்குல மன்னிப்புக் கேளு. இல்லன்னா கடைக்குப் பூட்டுதான்."

"கேக்குறேங்கய்யா. பேனர்ல இருக்கறது முழுக்க நீங்கதானே?"

"உச்சி முதல் உள்ளங்கால் வரைக்கும் நான்தான்!"

"அந்தக் கையும்?"

"என் கைதான்!"

எஸ்தர் மைக்கை வாங்கினாள். "மன்னிச்சிடுங்கய்யா. என் பேரை நீங்க பச்சை குத்தியிருக்கறது எனக்குத் தெரியாமப் போச்சு."

கூட்டம் மேடைக்குப் பின்னால் நின்ற பேனரைப் பார்த்தது. கிழவியை அணைத்திருந்த கையில் முழ நீளத்துக்கு ‘எஸ்தர்’ என்றிருந்தது.

முன்வரிசையில் சேர்மன் மனைவி எழுந்து நின்றாள்.

"ஐயோ வேதவல்லி, சத்தியமா அது என் கை இல்லடி!"

சேர்மன் அலறியது எட்டுத் தெருவுக்கும் ஒலிபெருக்கியில் கேட்டது.