நன்னாரிப் பாத்தியின் ஓரம்

"எங்கிருந்தோ வந்தது. பாவம், ஓரமா இருக்கட்டும்னு விட்டோம். இப்ப மொத்த இடத்தையும் கேக்குது. இனிமே வெச்சிருக்க முடியாதுங்க."

இலை உலர்த்தும் கொட்டகைக்கு மறுபக்கத்திலிருந்து வந்தது அக்காவின் குரல்.

"ஆமாங்க, விட்டா நல்லதுக்கில்ல" என்றார் வனத்துறை ரேஞ்சர் மாதேஸ்வரன்.

கொட்டகைக்குள் இலைகளைப் புரட்டிக்கொண்டிருந்த சுகிர்தாவின் கை அப்படியே நின்றது. முந்தின நாள்தான் அவள் அக்காவிடம் இடம் கேட்டிருந்தாள்.

அக்கா என்பது காந்திமதி. சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் மூலிகைத் தோட்டமும் சிறிய ஆய்வகமும் வைத்திருக்கும் சித்த மருத்துவர். ஆராய்ச்சி செய்ய வரும் பெண்கள் அவளை மேடம் என்று கூப்பிடத் தொடங்கி, ஒரு மாதத்துக்குள் அக்காவில் வந்து நிற்பார்கள். சுகிர்தா வந்து நான்கு வருடம் ஆகிறது. காட்டை மூடிக்கொண்டு படரும் உண்ணிச்செடியில் மருந்து உண்டா என்பது அவளுடைய ஆராய்ச்சி. அது முடிந்துவிட்டது. முடிந்தால் மாணவிகளின் அறையைக் காலி செய்ய வேண்டும்.

"பின்னறையில ஒரு மூலை போதும் அக்கா. பெருக்குவேன். இலை காயவைப்பேன். புதுசா வர்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். ஒரு தொந்தரவும் இருக்காது" என்று மூச்சுவிடாமல் சொல்லியிருந்தாள்.

"பார்ப்போம் கண்ணு" என்றாள் அக்கா. அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைகளை 'அது வந்துச்சு, அது சாப்பிட்டுச்சு' என்றுதான் பேசுவார்கள். செல்லமும் அதில்தான், ஏளனமும் அதில்தான். 'கேக்குது' என்ற சொல்லில் இருந்தது எது என்று சுகிர்தா யோசிக்கவில்லை. நேற்றுக் கேட்டது யார் என்பது அவளுக்குத் தெரியுமே.

கொட்டகையை விட்டுச் சத்தமில்லாமல் வெளியே வந்தாள்.

அவள் அணைக்கட்டை ஒட்டிய அகதிகள் முகாமில் பிறந்தவள். கடலுக்கு அந்தப் பக்கம் அம்மா "எங்கட ஊர்" என்று சொல்கிற ஊரை அவள் பார்த்ததில்லை. பிறந்த இடத்தை ஊர் என்று சொல்ல அவளுக்கு வாய் வந்ததில்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் மற்றப் பெண்கள் "ஊருக்குப் போறேன்" என்று பை கட்டுவார்கள். அடுத்த வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோல அந்தச் சொல்லை அவள் பார்த்துக்கொண்டு நிற்பாள். வாங்கித் தூக்கிக்கொள்ள ஆசை. கேட்கக் கூச்சம்.

உண்ணிச்செடிமேல் அவளுக்கு ஒரு பாசம் விழுந்ததும் அப்படித்தான். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடி. தோட்டத்தைச் சுத்தம் செய்ய வந்த ஆட்கள் எல்லாவற்றையும் வெட்டினபோது, நன்னாரிப் பாத்தியின் ஓரத்தில் இருந்த ஒன்றை மட்டும் அவள் மறித்துக்கொண்டு நின்றாள்.

"இது நிக்கட்டும் அக்கா. ஓரமாத்தானே நிக்குது. எனக்கு இலை வேணும்."

காட்டுக்குப் போனால் மூட்டை மூட்டையாக இலை கிடைக்கும். அது அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் ஆட்களைப் பார்த்து, "அந்தப் புள்ள சொல்றாள்ல, விடுங்க" என்றாள்.

பிறகு ஒரு நாள் சுகிர்தா ஆய்வகத்திலிருந்து ஓடிவந்தாள். கண்ணாடித் தட்டில் வளர்த்துக் கீறிவிட்ட செல்கள், இலைச்சாறு விட்ட தட்டில் மட்டும் சீக்கிரம் கூடிவந்து பிளவை மூடியிருந்தன.

"மூடுது அக்கா! காயம் மூடுது! இனி இதைக் களை எண்டு ஒருத்தரும் சொல்லேலாது!"

மனம் பொங்கினால் அவளுக்கு அம்மாவின் தமிழ் வந்துவிடும்.

"மருந்துன்னாலும் களை களைதான் கண்ணு" என்று அக்கா சிரித்தாள். "நல்லா நறுக்குதுன்னு கத்தியைத் தொட்டில்ல போடுவாங்களா?"

அதன்பின் இரண்டு மாதமாக ஆய்வேடு எழுதுவதிலேயே போயிற்று. சுகிர்தா பாத்திப் பக்கம் போகவே இல்லை.

இப்போது துணிகளையும் புத்தகங்களையும் பையில் திணித்துக்கொண்டு அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போனாள். அக்கா வராந்தாவில் சாப்பிட உட்கார்ந்திருந்தாள்.

"வா கண்ணு. உங்கம்மா குடுத்துவிட்ட தேங்காச் சம்பல் இருக்குதா, புள்ளைக எல்லாம் சேர்ந்து தீர்த்துட்டீங்களா?"

"இருக்கு அக்கா."

"அதென்ன, பையும் கையுமா?"

சுகிர்தா தூணைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, ஒரு செடி எத்தனை வருசம் ஒரு ஊரில நிண்டா, அது அந்த ஊர்ச் செடி ஆகும்?"

அக்கா தட்டை மூடி வைத்தாள். கை கழுவினாள்.

"மம்பட்டியை எடுத்துட்டு வா."

தோளில் பையும் கையில் மண்வெட்டியுமாகச் சுகிர்தா பின்னால் போனாள். பாத்தி இருந்த இடத்தில் பாத்தியைக் காணோம். ஓரமாக நின்ற செடி ஆள் உயரத்துக்குப் புதராகி, மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பூத்துக் கிடந்தது.

"நன்னாரி எங்கே அக்கா?"

"உள்ள கிடக்குது. உசுரு இருக்குதான்னு பார்க்கோணும். காலைல ரேஞ்சர்கிட்ட இதைத்தான் சொல்லிட்டிருந்தேன். ஓரமா இருக்கட்டும்னு விட்டா மொத்த இடத்தையும் கேக்குதுன்னு."

சுகிர்தாவுக்குக் காது சுட்டது.

"இதையா சொன்னீங்க?"

"பின்ன?"

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள்.

"ஏ கிறுக்கி. உன்னையச் சொன்னேன்னு நெனச்சியா?"

"'கேக்குது' எண்டு சொன்னீங்க."

"செடி கேக்குதுன்னு சொல்லாம, செடி கேக்கறாங்கன்னா சொல்லுவாங்க?"

சுகிர்தா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. முன்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லேல்லை, சரி. ஆனா நான் இங்கதான் பிறந்தனான் அக்கா. இருந்தும் எனக்கெண்டு இங்க ஒரு இடம் இல்லையே."

அக்கா புதரின் அடியில் குனிந்து, மண்ணோடு கிடந்த ஒரு நன்னாரிக் கொடியை விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்தாள். வாடியிருந்தது, அறுந்திருக்கவில்லை.

"அன்னைக்கு ஆளுகளை இதையும் வெட்டச் சொன்னது யாரு?"

"நீங்க."

"நிக்கட்டும்னு சொன்னது?"

"நான்."

"கடைசில வெட்டினாங்களா, விட்டாங்களா?"

"விட்டாங்க."

"இடமே இல்லாதவ எந்த இடத்தை எடுத்து இதுக்குக் கொடுத்தா?"

காற்றில் புதர் அசைந்தது. அக்கா வராந்தாவுக்குத் திரும்பி, மூடிவைத்த தட்டைத் திறந்து சாப்பிடத் தொடங்கினாள்.

சற்று நேரம் கழித்துச் சுகிர்தா மண்வெட்டியைப் பாத்தி ஓரத்தில் சாய்த்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள். நேற்றுவரை அங்கிருந்த இலை மூட்டைகளைக் காணோம். தரை கழுவிக் காய்ந்திருந்தது. பையைக் கவிழ்த்து, துணிகளையும் புத்தகங்களையும் ஜன்னலோரம் வைத்தாள்.

வெறும் பையோடு திரும்பி வந்தாள். நன்னாரிக் கொடிகளை ஒவ்வொன்றாக ஒதுக்கிவிட்டு, உண்ணிச்செடியை வேரோடு தோண்டி எடுத்தாள். பிறகு உட்கார்ந்து, அதன் இலைகளை உருவிப் பையில் நிரப்பினாள்.