கடலுக்குள் கால் வைத்த செம்பாறை

பாறைக்கும் கால் இருந்த அந்தக் காலத்தில், செம்பாறை கரையில்தான் நின்றாள். நெடுநெடுவென்று நல்ல சிவப்பு. அவளுக்குப் பின்னால் மேட்டில் ஒற்றைப் பனை, ஒல்லிக்குச்சி.

மீன் பிடித்துத் திரும்பும்போது தொம்மை கட்டுமரத்தில் எழுந்து நின்று, புருவத்தில் கை வைத்துப் பார்ப்பான். "எலே, பனை தெரியுது! இனி வீடுதான்!" என்பான். தினமும் இதே பேச்சு. பனை, பனை, பனை.

செம்பாறைக்கு வயிறு எரிந்தது. "இவ்வளவு பெரிய உடம்போட நான் நிக்கேன். அவன் கண்ணுக்கு அந்தத் துடைப்பக்கட்டைதான் தெரியுதா?" என்று காலடி நண்டிடம் பொருமினாள்.

"முன்னால போய் நில்லேன் அக்கா. பிறகு யாரைப் பாப்பான்?" என்றது நண்டு.

மறுநாள் மத்தியானம், கட்டுமரங்கள் திரும்புகிற நேரம் பார்த்து, கடலுக்குள் ஒரே எட்டு வைத்தாள். பனை அவள் முதுகுக்குப் பின்னால் அடியோடு மறைந்துபோனது.

தொம்மை எழுந்து பார்த்தான். பனையைக் காணோம். "இது நம்ம கரை இல்லடே" என்று மரத்தை வடக்கே திருப்பினான். அங்கே தண்ணீருக்கடியில் முழுக்கக் கல்.

கரையில் நின்ற அவன் மனைவி வியாகுலம் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "ஏ மனுஷா, அங்க போகாதேயும்! கல்லு கிடக்கு!" காற்று அவள் குரலைத் தின்றுவிட்டது.

செம்பாறைக்கும் தெரிந்தது. கொஞ்சம் விலகினால் போதும். விலகினால் பனை தெரிந்துவிடுமே! அசையாமல் நின்றாள்.

பனைதான் வேர் நறநறக்கச் சாய்ந்து, செம்பாறையின் விலாப்பக்கமாகத் தலையை நீட்டியது. தொம்மை பார்த்துவிட்டான். கல்லில் உரசி ஒரு கட்டை தெறித்தாலும், கட்டுமரம் கரை சேர்ந்தது.

வியாகுலம் ஓடிப்போய்ப் பனையைக் கட்டிக்கொண்டு அழுதாள். தொம்மை சொட்டச் சொட்டச் செம்பாறையிடம் வந்தான்.

"என்ன காரியம் பண்ணிட்ட அக்கா? பனை ஊருக்கு ஊரு நிக்குது. உன் தோளுக்கு மேல நிக்கிற பனைதான் நம்ம கரைன்னு எங்க அப்பன் காட்டித் தந்தான். நாங்க தினமும் தேடினது உன் தோளையும் சேத்துத்தான்."

செம்பாறை திரும்பிவிடலாம் என்று காலைத் தூக்கினாள். தூக்க முடியவில்லை. கரைக்கும் அவளுக்கும் நடுவில் கடல் புகுந்து, காலை மணலில் புதைத்துவிட்டது.

இப்போது அவளைப் பார்க்கவென்றே பஸ் பஸ்ஸாக ஜனங்கள் வருகிறார்கள். மிளகாய்ப்பொடி தூவிய மாங்காயைக் கடித்துக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, செல்போனில் தங்கள் முகத்தையே பார்த்துக்கொள்கிறார்கள். எடுக்கிற படத்தில் எல்லாம், ஓரமாகத் தலை நீட்டிக்கொண்டு அந்தப் பனையும் விழுந்துவிடுகிறது.

கால் புதைந்த அன்றைக்குத் தொடங்கியதுதான் அங்கே கேட்கிற அந்த உறுமல். அலை மோதுகிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அலை இல்லை, அவள் பல்லைக் கடிக்கிறாள்.