பிரேக்கை மிதித்த கால்

சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் எனக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லும் இந்த நிமிஷமே கொட்டிப் போகட்டும். முழங்கால் பெல்ட்டுக்கு அளவு கொடுக்கப் போன ஆஸ்பத்திரியில் என் இரண்டு கண்ணாலும் பார்த்தது.

"மேடம், அவரு காலை மாட்ட மாட்டேங்கிறாரு."

வந்து நின்றவன் நவநீதன். செயற்கைக் கை கால் செய்யும் படிப்பில் முதுகலை, கடைசி வருஷம். மறுநாள் தேர்வு. அவன் செய்த காலைப் போட்டுக்கொண்டு நோயாளி பரீட்சகர் முன்னால் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் பட்டம் இல்லை.

கால் என்றால் அப்படியொரு கால். ஃபேன் போட்டால் பறந்துவிடும் என்று ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தான்.

பேராசிரியை சகாயமேரி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

கட்டிலில் லாரி டிரைவர் கோட்டைச்சாமி. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"என்னண்ணே?"

"எங்கம்மா மாட்டுறது? பழைய கால்தான் இன்னும் அங்கனயே இருக்கே. எதுக்க பஸ் வந்தப்ப பிரேக்கை மிதிச்சது. இன்னும் மிதிச்சுக்கிட்டே நீட்டிக்கிட்டுக் கிடக்கு. மடக்க வரலை. அது மேல இதைச் சொருகினா நசுங்கிப் போகாதா?"

"படம் வரைஞ்சே சொல்லிட்டேன் மேடம்," என்றான் நவநீதன். "மூளைதான் அப்படி நினைக்குது. அங்க கால் கிடையாது."

"மூளையைப் பத்தி எனக்குத் தெரியாது தம்பி. கால் என்னோடது."

பையனுக்குப் பொறுமை போய்விட்டது. கோட்டைச்சாமிக்கு நேர் எதிரே போய், தரையில் ஓங்கி மிதித்து நின்றான்.

"பாருங்கண்ணே! இங்க என்ன இருக்கு? தரை இருக்கு. நான் நிக்கிறேன். வேற என்ன இருக்கு?"

"நவநீதா," என்றார் சகாயமேரி. "அவரு காலை மிதிச்சுக்கிட்டு நிக்கிற."

துள்ளினான் பாருங்கள் ஒரு துள்ளு! உச்சந்தலை கூரையில் இடித்து, ஒரு பல்லி கீழே விழுந்தது.

இறங்கிய வேகத்தில், படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ, குனிந்தான். காற்றைத் தொட்டான். கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"மன்னிச்சிருங்கண்ணே. பாக்கலை."

"அட, என்ன தம்பி! படிச்ச புள்ள, என் காலைப் போய்த் தொட்டுக்கிட்டு..."

கூச்சம் தாங்காமல் கோட்டைச்சாமி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

இழுத்தவர், அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே?"

"மடங்கிருச்சும்மா."

கொஞ்ச நேரம் தன் தொடையையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "கொண்டா தம்பி, நீ செஞ்ச காலை," என்றார்.

நவநீதன் எடுத்து வந்து அவர் முன்னால் மண்டியிட்டான். மாட்டவில்லை. நிமிர்ந்து பேராசிரியையைப் பார்த்தான்.

"மேடம், அப்போ... அங்க கால் இருக்கா, இல்லையா?"

"நீ எதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்ட?"

அவன் கோட்டைச்சாமியின் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, மெதுவா உள்ள விடுங்க. விரல் எதுவும் இடிச்சா சொல்லுங்க."

கதை இவ்வளவுதான். யார் சொன்னது என்று யாராவது கேட்டால், பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டு போனார்கள் என்று சொல்லிவிடுங்கள். என் பேர் மட்டும் வரக் கூடாது.