சகலையின் ஹார்ன்

சகலை அருணகிரியின் கார் தம்மை முந்தியபோது அடித்த ஹார்ன் சத்தம், ஒரு வருஷமாகியும் குழந்தைவேலு முதலாளியின் காதை விட்டுப் போகவில்லை.

இந்த வருஷமும் ஏற்காட்டில் மாமனார் வீட்டு விருந்து. முதலாளி தம் காரில், என்ஜின் காற்றிழுக்கும் குழாயைச் சுற்றி ஒரு ஐஸ் பெட்டி கட்டச் சொன்னார்.

"குளிர்ந்த காத்து போனா வண்டி பறக்குமாம். சகலைக்கு முன்னால மேலே போகலைன்னா உனக்கு வேலை இல்லை, லூர்துசாமி."

"கொஞ்சம் வலு கூடும், முதலாளி" என்றான் டிரைவர். "பாரம் குறைஞ்சா அதைவிடக் கூடும்."

"எந்தப் பாரமானாலும் இறக்கிப் போடு. அவன் முந்தக் கூடாது!"

மலையேறத் தொடங்கியதுமே என்ஜின் சூட்டில் ஐஸ் உருகிவிட்டது. வண்டி முனகியது. லூர்துசாமி ஓரங்கட்டி, தண்ணீர் தளும்பிய பெட்டியை இறக்கி வைத்தான். பிறகு பின்கதவைத் திறந்து பணிவாக நின்றான்.

"இறங்குங்க, முதலாளி."

"என்னடா சொல்றே?"

"மிச்சமிருக்கிற பாரம் நீங்கதான்."

அறைய ஓங்கிய கை, கீழ் வளைவில் அந்த ஹார்ன் கேட்டதும் நின்றது. முதலாளி இறங்கிவிட்டார்.

கார் முதலில் போய்ச் சேர்ந்தது. முதலாளி சகலையின் காரில் ஏறி, இரண்டாவதாகப் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த மாதம் லூர்துசாமி அருணகிரிக்கு டிரைவரானான்.